சுக்குக்குக் கிடைத்த வெயில்

மோனே, ஆமினாவின் புத்தி கெடவில்லை. பதினாறு வருடமாக அவளை இருட்டில் உட்காரவைத்தார்கள். அதில் கடைசி மூன்று வருடம், சுக்குக் கிடங்கின் மேனேஜராக உட்காரவைத்தவன் நீ. போன திங்கட்கிழமை இருபது பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, "அவளுக்கு வட்டு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வரண்டான்னு சொல்லிடு" என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாய். பைத்தியம் என்றுகூடச் சொல்லவில்லை. சாயாக்கடையில் ஒருவனை ஒருவன் கேலி செய்கிற சொல்லை எடுத்து, ஒரு பெண்ணின் வேலையை அதனால் முடித்துவிட்டாய். நீ சின்னவனாக இருந்தபோது, நான் வேலைக்குப் போனால், பக்கத்து வீட்டுப் பெண்ணாக உனக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள். "ஆமினாத்தா, ஆமினாத்தா" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிவாய். அதைச் சொல்லி உன்னை இளக்க நான் இதை எழுதவில்லை. கஞ்சி ஊட்டாதவளாக இருந்தாலும் நீ செய்தது தப்புதான்.

புதன்கிழமை நேரில் சொல்லத்தான் கிடங்குக்கு வந்தேன். பஜார் ரோட்டில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கடைசியில் உன் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீ அதைப் பயன்படுத்திக்கொண்டு முதலில் பேசினாய். "இந்தத் தூசியில எந்தினா அம்மா வந்தே? ஆள் விட்டா நான் வரமாட்டேனா?" கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகு ஆள் விட்டால் நீ வந்ததில்லை என்பது இருக்கட்டும். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆமினாவை நிறுத்தாதே, முற்றத்துப் பக்கக் கதவைத் திறந்து, அதன் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தில் அவளை உட்காரவை, இரண்டு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய் என்றேன். நீ சிரித்தாய். "அந்தக் கதவா? அது நான் சின்னப் பையனா இருக்கும்போதே பூட்டினது. திறந்தா ஈரக்காத்து வரும், மிளகு பூசணம் பிடிக்கும். போதாத்ததுக்கு கை நீளும். இது கிடங்கும்மா, தர்மாஸ்பத்திரி இல்ல." பின்வரிசையிலிருந்து ஒருத்தி தலையைத் தூக்காமலே, "தர்மாஸ்பத்திரியில ஜன்னலாச்சும் உண்டு சாரே" என்றாள். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். அந்தக் கதவைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைத்துப் பேசினாய். உன்னைவிட எனக்குத்தான் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

தமிழில் எழுதுகிறேன். எனக்கு வேறு எதிலும் எழுதத் தெரியாது. கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வரும்போது ஐந்தாம் வகுப்புத் தமிழைத்தான் கொண்டுவந்தேன். நீ மலையாளத்தில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நல்லது. மெதுவாகப் படி. இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றைக் கிடங்குக்கு எதிரே உள்ள சாயாக்கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். சுமை தூக்குகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் உள்ளே இருக்கிற பெண்களுக்கு மலையாளத்தில் சொல்லிவிடுவார்கள். மானம் போகும் என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் மானத்துக்காகச் செய்த காரியங்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எழுதப்போகிறேன்.

உன் அப்பா நகராட்சியில் சாக்கடை ஓடை வாருகிற வேலையில் இருந்து, நீ பள்ளிக்கூடம் போகுமுன்பே போய்ச் சேர்ந்தார். நான் அடுத்த மாதமே சுக்குக் கிடங்கில் உட்கார்ந்தேன். அந்த வேலையை நீ மேசைக்குப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறாய். காய்ந்த இஞ்சியைச் சாக்கில் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு உலுக்கவேண்டும். தோலும், வெளுப்பதற்காகப் பூசின சுண்ணாம்பும் பொடியாகி எழும். மிளகுப் பருவத்தில் முறத்தில் புடைத்தால் கறுப்புத் தூசி. மிளகாய் வந்தால் சொல்லவே வேண்டாம். தூசி மேலே படாமலிருக்க உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொள்வேன்; தலையையும் முகத்தையும் துவர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வேன். கண் மட்டும் தெரியும். எல்லாப் பெண்களும் அப்படித்தான். காலையில் விடியுமுன் சோறு வடித்துவிட்டு உள்ளே போனால், மாலை வெளிச்சம் மங்கும்போது வெளியே வருவோம். பின்னால் காயலை ஒட்டி அத்தனை பெரிய முற்றம், காலை முதல் மாலை வரை வெயில். அதில் பாய் பாயாக இஞ்சி காயும். மணிக்கு ஒருமுறை ஆள் போய்ப் புரட்டிப் போடுவான். ஒரு பக்கமே வெயில் பட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று அவ்வளவு கவலை. அந்த முற்றத்தின் வெயில் முழுவதும் சுக்குக்குத்தான். அதைச் சுக்காக்குகிறவர்களுக்கு ஒரு கை அகலம் கிடையாது.

எனக்கு இருமல் தொடங்கியது எந்த வருடம் என்று சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே எல்லோரும் இருமுவோம். படியில் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்தார்கள். க்ஷயம் இல்லை என்றார்கள். நீ அன்றைக்கு எனக்கு நேந்திரம்பழம் வாங்கிக்கொடுத்தாய். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் க்ஷய வார்டுக்கு முன்னால் நீளமாக ஒரு வராந்தா உண்டு. நோயாளிகள் கட்டிலை இழுத்துப்போட்டு வெயிலில் படுத்துக்கொண்டு, ஒருவர் படித்த பத்திரிகையை ஒருவர் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்திருப்பது க்ராணிக் ப்ராங்கைட்டிஸ், தூசியால் மூச்சுக்குழாய் கெட்டுப்போனது, ஆற்ற முடியாது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தூசியும் குளிரும் படாமல் வீட்டில் இருக்கவேண்டும் என்றார்கள். க்ஷயம் வந்தவர்களுக்குச் சர்க்கார் கட்டில் போட்டது, ஊருக்கு அவர்கள்மேல் பயம் இருந்ததால். எங்கள் நோய் யாருக்கும் ஒட்டாது. ஆகையால் எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

வீட்டில் இருக்கவேண்டும் என்றால் எங்கே இருப்பது? நம்முடையது வரிசை வீடு, முன்னறை, பின்னறை, அவ்வளவுதான். முன்னறையில் இருமினால் தெருவுக்குக் கேட்கும். க்ஷயம் இல்லை என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும் தெரு காகிதத்தைப் படிக்காது, இருமலைத்தான் கேட்கும். உனக்கு அப்போதுதான் தோப்பும்படியில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது; கிடங்கு மேசைக்கு நீ வந்தது அதற்கு அடுத்த வருடம். பெண் பார்க்கிற பேச்சும் தொடங்கியிருந்தது. பின்னறைக்குப் போனது நீ சொல்லி அல்ல. நானே போனேன். சந்தின் பக்கம் இருந்த ஒரே ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொன்னதும் நான்தான். நீ ஆணியை எடுத்துவந்து, "வேணுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டாய். ஒருமுறைதான். "வேணும், அடி" என்றேன். இந்த இடத்தில் என் தப்பை நான் ஒளிக்கவில்லை. ஆனால் அந்தப் பலகை நான்கு மழைக்காலம் அங்கேயே இருந்தது. அதற்கிடையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஒரு ஞாயிறு கூட உனக்கு அதைக் கழற்றத் தோன்றவில்லை.

அந்த அறையில் எனக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை நீ கேட்டதில்லை. நீ கேட்காததை இப்போது படி. முதல் வருடம் கோபம் இருந்தது. அப்புறம் கோபமும் போய்விட்டது. காலையா மாலையா என்பது மண்ணெண்ணெய் அடுப்புச் சத்தத்தில்தான் தெரியும். முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஒரு வலி, எந்நேரமும், பல்வலி மாதிரி. பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பேன். குளிக்கத் தோன்றாது. நீ வந்து பேசினால் உன் வாய் அசைவது தெரியும். பதில் சொல்வது ஒரு சாக்கைத் தூக்குகிற மாதிரி பாரமாக இருக்கும். காரணமில்லாமல் அழுகை வரும், அழுதால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் பயம் வரும், பயத்தில் இன்னும் முட்டும். மூச்சு நின்றாலும் பரவாயில்லை என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அதை உன்னிடம் ஒருநாள் சொன்னேன். நீ பயந்துபோய் ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தாய். ஓடையில் விழுந்து செத்த ஒரு பெண் எனக்குள் ஏறியிருக்கிறாள் என்று சொல்லி அவன் கயிறு கட்டினான், அறையெல்லாம் சாம்பிராணிப் புகை போட்டான். அந்தப் பெண் உண்மையாகவே எனக்குள் இருந்திருந்தால் அந்தப் புகையில் இன்னொரு தரம் செத்திருப்பாள். அதற்குப் பின் மனதுக்கு மாத்திரை. அது தூக்கம் கொடுத்தது. தூங்குகிறவளை யாரும் வெளியே கூப்பிடமாட்டார்கள் இல்லையா, அதனால் உனக்கு நிம்மதி.

பெண் வீட்டார் வந்த நாளுக்கு வருகிறேன். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தாய். நான் பின்னறையில், கதவுக்கு வெளியே நாதாங்கி போட்டிருந்தது. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி பொரிக்கிற வாசனை வந்தது. அவர்கள் ஏழு பேர் என்று குரலை வைத்து எண்ணினேன். இருமல் வந்தது. துவர்த்தைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, தலையணையை நெஞ்சோடு அழுத்தினேன். இருமலை உள்ளுக்குள் அடக்கினால் அது எங்கே போகும்? வலது பக்கம் விலாவில் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது எனக்குக் கேட்டது. உனக்கும் ஏதோ கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் அடுத்த நொடி நீ ரேடியோவைச் சத்தமாக வைத்தாய். யாரோ மாமா ஒருவர், "மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசிரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை.

இருமி விலா முறிந்தது என்றால் யாரும் நம்பவில்லை. எர்ணாகுளத்தில் அந்த லேடி டாக்டர்தான் நம்பினாள். பாலக்காட்டுப் பெண், உன் வயதுதான் இருக்கும், தமிழில் பேசினாள். எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நான் அலறினேன். "எழுந்து நில்லுங்க, கையை ஊனாம" என்றாள். என்னால் முடியவில்லை. "அம்மா, வெயில்ல கடைசியா எப்ப நின்னீங்க?" என்று கேட்டாள். நான் யோசித்து, "நாலு மழை ஆச்சு" என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ சொன்னாய், "தூசி பட்டா அம்மாவுக்கு ஆகாது டாக்டரே." அவள், "வெயில்ல என்ன தூசி இருக்கு?" என்றாள். அவளை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் தோலில் வெயில் படும்போது உடம்பே டி வைட்டமின் என்று ஒன்றைச் செய்துகொள்கிறது. அது இல்லாவிட்டால் எலும்புக்குச் சுண்ணாம்பு ஏறாது. ஊறின பிரம்பு மாதிரி இளகிவிடும். தசைக்கும் வலு போய்விடும். மூச்சுக்காக நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையும் எலும்பைத் தின்னுகிற ஜாதியாம். நெஞ்சு நோய்க்காரர்கள் மூச்சு வாங்குமே என்று வெளியே போகமாட்டார்கள். போகாததால் இது வரும். இது வந்தால் இன்னும் போகமுடியாது. இருபது வருடம் சுண்ணாம்புத் தூசியைத் தின்ற என் எலும்பில் சுண்ணாம்பு இல்லை என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விலா வலித்ததால் அடக்கிக்கொண்டேன். மனதைப் பற்றி நானே கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "டி வைட்டமினுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்னு நான் படிச்ச புஸ்தகத்துல இல்லம்மா. ஆனா எங்க வார்டுல மூச்சு நோய்க்காரங்க சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறதை தினமும் பாக்கறேன். அவங்களை வராந்தாவுல உட்காரவச்சா மறுபடி பேச ஆரம்பிக்கறாங்க. ஏன்னு எனக்குத் தெரியல. தெரியலைங்கறதுக்காக செய்யாம இருக்கணுமா?" மனதுக்கான மாத்திரையை எழுதிய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னாள். ஊசி ஒன்று, மீனெண்ணெய் உருண்டை, தினமும் பத்து மணி வெயிலில் கையும் காலும் தெரிய உட்காரவேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

வாசற்படியில் நான் உட்கார்ந்த முதல் நாள் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, உள்ள போ. நீ ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிருக்கு." நான் போகவில்லை. ஊரிலிருந்து வந்துவிட்டேன் என்று சொல் என்றேன். தெரு பார்த்தது. பார்க்கட்டும் என்று இருமினேன். மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒருநாள் மீன்காரி என் எதிரே கூடையை இறக்கி, "அக்கா, உங்களையும் சாளை மீன் மாதிரி காய வச்சிருக்காங்களா?" என்றாள். நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்டது, யாரோ பக்கத்தில் சிரித்த மாதிரி. இரண்டு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். மூச்சு இன்னும் மோசம்தான். அது போகிற வரைக்கும் இப்படித்தான். ஆனால் சாகவேண்டும் என்ற நினைப்பு போய்விட்டது. வெயிலா, ஊசியா, தெருவில் போகிற மனித முகமா, எது என்னை மீட்டது என்று எனக்குத் தெரியாது. அறைக்குள் இதில் எதுவும் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது ஆமினாவைப் பார். நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அலறினாள். கேள்வி கேட்டால் நான்கு மூச்சு கழித்துப் பதில் வருகிறது. "எந்தோ, ஒண்ணும் வேணும்னு தோணலக்கா" என்றாள். நீ சோம்பேறி என்றும் வட்டு என்றும் சொல்லுகிற பெண், என்னைப் போலவே தூசியைத் தின்றவள், என்னைப் போலவே வெயிலைப் பார்க்காதவள். நான்கு மழைக்காலம் உன் வீட்டிலேயே பார்த்த நோய் உன் கண் முன்னால் உட்கார்ந்து மிளகு பொறுக்குகிறது. உனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்தும் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறாயா? அவளை டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். அது உன் வேலையல்ல. உன் வேலை கதவு. நீ நிறுத்தினால் அவள் எங்கே போவாள் என்று நினைக்கிறாய்? வீட்டுக்குப் போவாள். ஒரு பின்னறைக்கு. அவளுக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மிச்சத்தை நீயே எழுதிக்கொள்.

இனி அந்தக் கதவைப் பற்றி. நீ ஏழாம் வகுப்பு படித்தபோது அது பகல் முழுவதும் திறந்திருந்தது. உச்சி சாய்ந்ததும் அதன் வழியாக இரண்டு ஆள் நீளத்துக்கு உள்ளே வெயில் வரும். பெண்கள் முறைவைத்து அங்கே மாறி மாறி உட்காருவோம். ஆமினா அப்போது கிடங்குக்குப் புதிது, கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குச் சளி என்று ஒருநாள் ஒரு பிடி மிளகை முண்டு நுனியில் முடிந்துகொண்டாள். கஷாயத்துக்கு ஒரு பிடி. நான் பார்த்தேன். அந்த வாரம் முதலாளி எடை குறைகிறது என்று சத்தம் போட்டு, பழைய ஆள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு பிடி மிளகால் எடை குறையாது, எலியும் லாரிக்காரனும் தின்றதுதான் குறைந்தது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் உன்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவருடைய சிபாரிசுக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. ஏதாவது சொல்லாமல் அந்த அறையைவிட்டு வெளியே வர முடியாது. ஆமினாவின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. "ஆளைத் தெரியாது முதலாளி. முற்றத்துக் கதவு வழியாத்தான் போகுதுன்னு தோணுது" என்றேன். ஒரு மனுஷியைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு கதவைக் காட்டிக்கொடுத்தேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை, பூட்டு. அதே நாள் உன் சிபாரிசுக் கடிதமும் வந்தது. நீ படித்தாய். படித்ததால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாய். அந்தப் பூட்டின் சாவி இன்று உன் இடுப்பில் தொங்குகிறது.

அந்த இருட்டில், வெளியே போக வழியில்லாத தூசியில், என் நெஞ்சும் போனது. அதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் மற்ற பெண்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்? நான் பின்னறையில் கிடந்த நான்கு மழையிலும் என் பாயில் வந்து உட்கார்ந்தது ஆமினா ஒருத்திதான். க்ஷயமோ என்னவோ என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது அவள் கிடங்கு விட்டு நேராக வருவாள், தலை வாரிவிடுவாள், மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவாள். ஒருநாள் அழுதுகொண்டே கதவின் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சீப்பை நிறுத்தவில்லை. "அது எனக்கு அன்னைக்கே அறியும் அக்கா. கதவைத்தானே காட்டினீங்க, என்னைக் காட்டலியே" என்றாள். பிறகு, "குஞ்ஞுக்கு சளி போச்சு, அது போதும்" என்றாள். அதைப் பொறுத்துக்கொண்டு பதினாறு வருடம் இருட்டில் உட்கார்ந்தவளைத்தான் நீ போகச் சொல்லுகிறாய்.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. எனக்கே அது இல்லாமல் போன இடங்களைத்தான் எழுதினேன். ஒன்று மட்டும். முதலாளிக்குப் பயந்து நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அது இருபது பேரின் எலும்புக்குள் போனது. நீ மேஸ்திரியிடம் சொன்னதும் ஒரு வாக்கியம்தான். என்னுடையதைத் திருப்பி வாங்க எனக்குச் சாவி இல்லை. உனக்கு இருக்கிறது. ஈரக்காற்று வந்தால் மூட்டையை உள்ளே தள்ளி வை. கை நீளும் என்றால் வாசலில் நீயே நின்று பார். மிளகைக் காப்பாற்ற எத்தனை வழி வேண்டுமானாலும் உனக்குத் தோன்றும். ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஆமினாவைக் கூட்டிக்கொண்டு சந்து வழியாக முற்றத்துக்கு வருவேன். கதவுக்கு வெளியே நிற்போம். நீ உள்ளேயிருந்து திறக்கவேண்டும்.

இது பின்பக்கம், பென்சிலில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். இன்று ஒன்றாம் தேதி. உன் பிரதி உனக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது என்று உன் மனைவி சொன்னாள். சாப்பிடாமல் உட்கார்ந்து படித்தாயாம். இந்தப் பிரதியைச் சுவரில் ஒட்டுமுன் இங்கே கொண்டுவந்தேன். நாங்கள் பத்து மணிக்கு வந்தோம். இப்போது பதினொன்று தாண்டியிருக்கும். இஞ்சிப் பாயின் ஓரத்தில் ஆமினா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தட்டத்துணி தலையை மூடியிருக்கிறது, கை இரண்டையும் முழங்கை வரை சுருட்டி வெயிலில் வைத்திருக்கிறாள். புரட்டிப் போடுகிற ஆள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறான். "ஒரு பக்கம் காஞ்சாச்சு, எங்களையும் புரட்டிப் போடு" என்று அவனிடம் சொன்னாள். இரண்டு மாதத்தில் அவள் பேசின முதல் வேடிக்கை இது. உள்ளே முறத்தின் சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன் செருப்புச் சத்தம் கதவுவரை வந்தது, எனக்குத் தெரியும், அது வலது கால் தேய்கிற செருப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய். சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டுக்குள் சாவி போகவில்லை. நான் மூன்று தரம் தட்டிவிட்டேன். இதற்கு மேல் தட்ட மூச்சு இல்லை, அதனால் எழுதுகிறேன், கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன்.

கதவைத் திற, மோனே.